கோப்புகளில் நேரும் பந்தயப் பிழை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

கதையும் கவிதையும் நிறைந்த நம் ஆண்டு மலரில், கணிப்பொறி நிரலில் நேரும் ஒரு பிழையைப் பற்றி எழுதப் புகுவது துணிச்சல்தான். ஆயினும் அந்தப் பிழையைச் செய்தவன் நான். அதனால் இதே கல்லூரியில் பயிலும் மூவர் ஒரு மாலைப் பொழுது முழுவதும் கலங்கி நின்றனர். ஆகவே இதை எழுதும் கடமை எனக்கு உண்டு எனக் கருதுகிறேன். கணிப்பொறி பயிலாத நண்பர்களுக்கும் விளங்கும் வண்ணம் இயன்றவரை எளிமையாகக் கூற முயல்கிறேன்.

சென்ற ஏப்ரல் பருவத் தேர்வுக்குக் கட்டணம் செலுத்தியோரின் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றும் வேலையைத் துறையில் என்னிடம் ஒப்படைத்தனர். சி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். ரசீதைப் பார்த்துப் பதிவெண்ணைத் தட்டியவுடன் என் நிரல் பட்டியல் கோப்பு முழுவதையும் படிக்கும், மாணவரின் பெயரைக் காட்டி, "சரியா?" என்று கேட்கும், நான் "ஆம்" என்று தட்டியதும் அப்பெயரைப் பதிவெண் வரிசையில் செருகி, முழுப் பட்டியலையும் திரும்ப எழுதும். நான்கு நாட்கள் நான் ஒருவனே ஏற்றினேன். ஒரு குறையும் இல்லை. கடைசி நாள் பிற்பகல் கூட்டம் மிகுந்தது. என் வகுப்புத் தோழன் உதவிக்கு வந்து அடுத்த மேசையில் அமர்ந்தான். எங்கள் ஆய்வகத்தில் லினக்ஸ் இயங்கும் பெரிய கணிப்பொறி ஒன்று உண்டு. மற்ற மேசைகளிலிருந்தும் அதனுள் நுழைந்து வேலை செய்யலாம். இருவரும் அரை மணி நேரம் விரைவாக ஏற்றி முடித்துப் பட்டியலை அச்சிட்டு, பலகையில் ஒட்டினோம்.

சற்று நேரத்தில் முதலாண்டு மாணவி ஒருத்தி ஆய்வக வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரத் தயங்கினாள். "அண்ணா, நான் பணம் கட்டிட்டேனுங்க. ரசீது இருக்கு. லிஸ்ட்ல எம் பேரு இல்லீங்கண்ணா" என்றாள். குரல் சரியாக எழவில்லை. அவளுடைய தந்தை தறி ஓட்டுபவர். எங்கள் வீட்டிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என் பெயர் இவ்வாறு விடுபட்டிருந்தால், யாரிடம் சென்று கேட்பது என்று என் தந்தைக்குத் தெரிந்திராது. அன்று இரவு ஏழரை மணி வரை ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். அவள் பெயரோடு இன்னும் இரண்டு பெயர்களும் காணாமற் போயிருந்தன. மூன்றையும் பேராசிரியர் தம் கையால் எழுதிச் சேர்த்தார்.

இப்பெயர்கள் எங்கே போயின? இதை என் தாயாருக்கு விளக்க நேர்ந்தபோதுதான் எனக்கே தெளிவாயிற்று. அவர் எங்கள் ஊர் மகளிர் குழுவில் உறுப்பினர். குழுவின் நோட்டில் இருப்பு 4,200 ரூபாய் என வைத்துக்கொள்வோம். ஒருத்தி அதைப் பார்த்து மனத்தில் கொண்டு, தான் வசூலித்த 300 ரூபாயைக் கூட்டி 4,500 என எழுதப் போகிறாள். அவள் எழுதுமுன்பே இன்னொருத்தியும் 4,200 என்பதைப் பார்த்துவிட்டு, தன் 200 ரூபாயைக் கூட்டி 4,400 என எழுத வருகிறாள். முதலாமவள் 4,500 எழுத, இரண்டாமவள் அதை அடித்து 4,400 எழுதுகிறாள். இருக்க வேண்டியது 4,700. இருவருடைய கூட்டலிலும் தவறில்லை. இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் 300 ரூபாய் மறைந்துவிட்டது. "ஆம்" என்று நான் தட்டும் அந்த ஓரிரு நொடியில் என் தோழன் ஏற்றிய பெயரை, என் நிரல் பழைய பட்டியலைத் திரும்ப எழுதி அழித்துவிட்டது.

ஒன்றுக்கு மேற்பட்ட செயல்கள் ஒரே பொருளைத் தொடும்போது, எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுமாயின் அந்நிலையை ரேஸ் கண்டிஷன் என்பர். பந்தய நிலை எனத் தமிழில் கூறலாம். குதிரைப் பந்தயத்தில் எது வெல்லும் என்று யாரும் உறுதி கூற இயலாதது போலவே, இங்கும் நூறு முறை சரியான விடையும் ஒரு முறை தவறான விடையும் வரும். சோதிக்கும்போது வராது, கூட்டம் மிகுந்த கடைசி நாளில்தான் வரும்.

என் தாயார் கேட்டு முடித்துவிட்டு, "நோட்டு யார் கையில இருக்குதோ அவதான் எழுதோணும். அடுத்தவ அது வர்ற வரைக்கும் காத்திருக்கோணும். இதுக்கென்ன இத்தனை படிப்பு?" என்றார். பூட்டு என்று நாங்கள் பாடத்தில் படிப்பது அதைத்தான். பின்னர் சிறிது யோசித்து, "ஏங்கண்ணு, நோட்டை எடுத்துட்டுப் போனவ திரும்பி வரலீன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை.

மறுநாள் நிரலைத் திருத்தினேன். பட்டியலைத் தொடுமுன் "பூட்டு" என்னும் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு உள்ளதா என்று நிரல் பார்க்கும். இருந்தால் காத்திருக்கும். இல்லையேல் அப்பெயரில் கோப்பை உண்டாக்கி, வேலையை முடித்து, பின் அதை நீக்கும். தோழனும் நானும் ஒரு மணி நேரம் மாறி மாறித் தட்டிப் பார்த்தோம். ஒரு பெயரும் தொலையவில்லை. பெருமையோடு பேராசிரியரிடம் காட்டினேன். அவர் நிரலைப் படித்துவிட்டு, பூட்டு உள்ளதா எனப் பார்க்கும் வரிக்கும் பூட்டை உண்டாக்கும் வரிக்கும் இடையே "பத்து வினாடி உறங்கு" என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்து இருவரும் ஒரே நேரத்தில் ஓட்டினோம். இரு நிரல்களும் "பூட்டு இல்லை" என்று கண்டன, இரண்டும் உறங்கின, இரண்டும் எழுந்து பூட்டை உண்டாக்கின, இரண்டும் உள்ளே நுழைந்தன. பெயர் தொலைந்தது. "தம்பி, நீ பிழையைத் திருத்தலை. அது தலைகாட்டுற நேரத்தைக் குறைச்சிருக்கே, அவ்வளவுதான்" என்றார் அவர்.

உறக்க வரி பிழையை உண்டாக்கவில்லை; ஏற்கனவே இருந்த இடைவெளியை அகலமாக்கிக் காட்டிற்று. பார்ப்பதும் செய்வதும் இரண்டு தனிச் செயல்களாக இருக்கும் வரை, அவற்றினிடையே கெர்னல் வேறொரு நிரலை ஓடவிடலாம். கெர்னல் என்பது இயக்க முறைமையின் உட்கரு. எந்த நிரல் எப்போது ஓடும் என முடிவு செய்வது அதுவே.

இதே தவறு யூனிக்ஸ் முறைமையிலேயே இருந்தது என்று பேராசிரியர் கூறியபோது என் வெட்கம் சற்றுக் குறைந்தது. பெல் ஆய்வகத்திலிருந்து 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில், புதிய அடைவை உண்டாக்கும் சிஸ்டம் கால், அதாவது கெர்னலிடம் நேரே விடுக்கும் அழைப்பு, தனியாக இல்லை. (கோப்புகளின் பெயர்களைத் தாங்கும் பட்டியலே அடைவு.) அவ்வேலையை எம்கேடிர் என்னும் சாதாரண நிரல் செய்தது. யார் அதை ஓட்டினாலும் அது ரூட் என்னும் தலைமைப் பயனரின் அதிகாரத்தோடு ஓடும். முதலில் அடைவை உண்டாக்கும். அப்போது அடைவின் உரிமையாளர் ரூட். அடுத்து, இப்பெயருடைய பொருளின் உரிமையை ஓட்டியவருக்கு மாற்று என்று கெர்னலைக் கேட்கும். பின்னர் தன்னையும் தாய் அடைவையும் குறிக்கும் இரு புள்ளிப் பெயர்களைச் சேர்க்கும்.

முதற் செயலுக்கும் இரண்டாம் செயலுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு கெட்டிக்காரத் திருடன் கணிப்பொறியில் வேலைப் பளுவை ஏற்றி, எம்கேடிர் நிரலை மெதுவாக ஓடச் செய்கிறான். அடைவு உண்டானதும் அதை நீக்கிவிட்டு, அதே பெயரில் கடவுச்சொற் கோப்புக்கு ஓர் இணைப்பை வைக்கிறான். பாவம், எம்கேடிர் அதை அறியாது. "இப்பெயருடைய பொருளின் உரிமையை இவருக்கு மாற்று" என்கிறது. கெர்னலும் மாற்றுகிறது. முறைமையின் கடவுச்சொற் கோப்பு முழுவதும் திருடனுக்குச் சொந்தமாகிறது! பந்தயத்தில் ஒரு முறை தோற்றால் அவன் மறுபடியும் ஓடலாம். ஆயிரம் முறை ஓடலாம். ஒரு முறை வென்றால் போதும். ஆகவே "இடைவெளி மிகச் சிறியது" என்பது இங்கு ஆறுதல் ஆகாது.

இதை எவ்வாறு திருத்தினர்? இடைவெளியைச் சுருக்கியதால் அன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தினர் 1983இல் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. பதிப்பில் எம்கேடிர் என்பதையே ஒரு சிஸ்டம் காலாக ஆக்கினர். அடைவை உண்டாக்குவதும், உரிமையாளரைக் குறிப்பதும், புள்ளிப் பெயர்களைச் சேர்ப்பதும் கெர்னலுக்குள் ஒரே செயலாக நிகழும். வெளியில் உள்ளவருக்கு அடைவு முழுமையாக உண்டு, அல்லது அறவே இல்லை. அதே பதிப்பில் ரீநேம் என்னும் பெயர் மாற்ற அழைப்பும் சேர்ந்தது. அதற்கு முன் ஒரு கோப்பை மற்றொன்றின் இடத்தில் வைக்க, பழையதை நீக்கி, புதியதற்கு அப்பெயரை இணைத்து, முன்னிருந்த பெயரை அழிக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் அப்பெயரில் ஒன்றுமே இராது.

என் பூட்டுக்கும் இம்மருந்தே வேண்டும். "கோப்பு உள்ளதா?" என நான் கேட்கலாகாது. "உண்டாக்கு, ஏற்கனவே இருந்தால் மறுத்துவிடு" என்று ஒரே சொல்லில் கெர்னலிடம் கூற வேண்டும். ஓப்பன் அழைப்பில் கிரியேட், எக்ஸ்க்ளூசிவ் என்னும் இரு குறிகளைச் சேர்த்துத் தந்தால் அவ்வாறே நிகழ்கிறது. நூறு நிரல்கள் ஒரே கணத்தில் கேட்டாலும் ஒன்றே வெல்லும். மற்ற தொண்ணூற்றொன்பதுக்கும் மறுப்புக் கிடைக்கும்.

ஆனால் இங்கேதான் என் தாயாரின் கேள்வி குறுக்கே வந்தது. பூட்டுக் கோப்பை உண்டாக்கிய நிரல் நடுவில் இறந்துவிட்டால், கோப்பு அப்படியே கிடக்கும். அடுத்தவர் எவரும் உள்ளே நுழைய இயலாது. 4.2 பி.எஸ்.டி.யை ஆக்கியோரும் இதையே குறையாகக் கண்டனர். முறைமை நின்று மறுபடி எழுந்தால் பழைய பூட்டுகளைத் தேடி நீக்க வேண்டும். காத்திருப்போர் திரும்பத் திரும்ப முயன்று கணிப்பொறியின் நேரத்தை வீணாக்குவர். ஆகவே அவர்கள் எஃப்லாக் என்னும் அழைப்பைத் தந்தனர். இதில் பூட்டை வைத்திருப்பது கெர்னல். நோட்டை எடுத்துச் சென்றவர் இறந்தால் கெர்னலே அதை மீட்டு, காத்திருப்பவரிடம் கொடுத்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் என் தாயார், ஒரு பெரிய பல்கலைக்கழகத்தார் கவலைப்பட்ட அதே இடத்தில் விரலை வைத்தார் என்பதில் எனக்கு இன்றும் வியப்பு உண்டு.

எஃப்லாக்கைப் பயன்படுத்தி மறுபடியும் எழுதினேன். மின்சாரம் போனாலும் பட்டியல் கெடாதிருக்க, புதிய பட்டியலைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, ரீநேம் செய்து பழையதன் இடத்தில் வைத்தேன். இம்முறை கையால் தட்டிப் பார்க்கவில்லை. "சரியா?" என்னும் கேள்வியை எடுத்துவிட்டு, இருநூறு நிரல்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒவ்வொன்றும் ஒரு பெயரைச் சேர்க்குமாறு செய்தேன். முடிவில் இருநூறு வரிகள் இருக்க வேண்டும். நூற்றறுபத்து மூன்றே இருந்தன! முன்னைய தவறான பூட்டில்கூட இத்தனை தொலைந்ததில்லை.

இரண்டு நாட்கள் இதற்குக் காரணம் தெரியவில்லை. தெரிந்தபோது சிரிப்பு வந்தது. கோப்பு வேறு, கோப்பின் பெயர் வேறு. உண்மையான கோப்பு ஐநோடு என்னும் பதிவு. பெயர் அதைச் சுட்டும் சீட்டு மட்டுமே. எஃப்லாக் பூட்டு திறந்து வைத்த கோப்பின் மீது விழுகிறது. பெயரின் மீது அன்று. நான் பட்டியல் கோப்பையே பூட்டியிருந்தேன். முதல் நிரல் அதைப் பூட்டி, புதிய கோப்பை அப்பெயரில் வைத்துவிட்டுச் சென்றது. வாசலில் காத்திருந்த இரண்டாம் நிரலுக்குக் கிடைத்ததோ பெயரிழந்த பழைய கோப்பின் பூட்டு. மூன்றாவதாக வந்த நிரல் புதிய கோப்பைத் திறந்து, அதைப் பூட்டிக்கொண்டது. இரண்டும் தாமே பூட்டுக்கு உரியவர் என நம்பிப் பட்டியலை எழுதின. வீட்டை இடித்துக் கட்டிய பிறகு பழைய கதவின் சாவியை வைத்துக்கொண்டு நிற்பது போன்றதே இது. என்றும் பெயர் மாறாத, நீக்கப்படாத தனிக் கோப்பு ஒன்றைப் பூட்டுக்கென்றே ஒதுக்கி, அதைப் பூட்டிய பின்னரே பட்டியலைத் திறக்கும்படி மாற்றியதும் இருநூறு வரிகளும் வந்தன. ஐம்பது முறை ஓட்டினேன். ஐம்பது முறையும் வந்தன.

வேலையைக் கெர்னலிடம் ஒப்படைத்தாயிற்று. கெர்னல் மட்டும் இதை எவ்வாறு சமாளிக்கிறது? பல செயலிகள் உள்ள இன்றைய கணிப்பொறியில் கெர்னலின் கோப்பு முறைமை நிரலே ஒரே கணத்தில் பல இடங்களில் ஓடுகிறது. 1996இல் வெளிவந்த லினக்ஸ் 2.0 பதிப்பில் கெர்னல் முழுமைக்கும் ஒரே பெரிய பூட்டு இருந்தது. ஊருக்கே ஒரு நோட்டு என்பது போல. பிழை குறையும், ஆனால் எல்லோரும் காத்துக் கிடக்க வேண்டும். அதைச் சிறிது சிறிதாகப் பிரித்து முற்றிலும் அகற்றி முடித்தது 2011இல்தான். இன்று ஒவ்வோர் அடைவுக்கும் தனிப் பூட்டு உண்டு.

சிறு பூட்டுகள் பலவானால் வேறு தொல்லைகள் வருகின்றன. ஓர் அடைவினுள் கோப்பு உண்டாக்க ஒரு நிரல் காத்திருக்கிறது. பூட்டை வைத்திருப்பவரோ அந்த அடைவையே நீக்கிக்கொண்டிருக்கிறார். பூட்டுக் கிடைத்ததும் உள்ளே சென்றால் அங்கே அடைவு இராது. ஆகவே லினக்ஸில் நீக்கப்பட்ட அடைவின் மீது "இறந்தது" என்று குறியிடுகின்றனர். பூட்டுக் கிடைத்த பின் அக்குறியைப் பார்த்தே வேலையைத் தொடங்குகின்றனர். பழைய சாவியோடு நின்ற என் நிரலுக்கு இந்தச் சோதனை இல்லாமற் போயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தது அடைவுகளின் இடமாற்றம். 'அ', 'இ' என இரு அடைவுகள் உள்ளன. ஒரு நிரல் 'அ'வை 'இ'க்குள் நகர்த்துகிறது. அதே கணத்தில் மற்றொரு நிரல் 'இ'யை 'அ'வுக்குள் நகர்த்துகிறது. தன்னைத் தன் வயிற்றுக்குள்ளேயே யாரும் வைக்கலாகாது என்பதால் கெர்னல் முதலில் சோதிக்கிறது: 'இ', 'அ'வுக்குள் உள்ளதா? இல்லை. 'அ', 'இ'க்குள் உள்ளதா? இல்லை. இரண்டு அனுமதியும் சரி. இரண்டும் நிறைவேறினால் 'அ'வின் வயிற்றில் 'இ', 'இ'யின் வயிற்றில் 'அ'. இரண்டும் மரத்திலிருந்து கழன்று, எந்த வழியிலும் எட்ட முடியாத வளையமாகிவிடும். உள்ளிருந்த கோப்புகள் அழியவில்லை. ஆனால் எவர் கைக்கும் கிட்டா. இதனால்தான் லினக்ஸில் ஓர் அடைவிலிருந்து மற்றோர் அடைவுக்குப் பொருளை நகர்த்தும்போது, அக்கோப்பு முறைமை முழுமைக்குமான தனிப் பூட்டொன்றை முதலில் எடுக்கின்றனர். அதனைப் பிடித்திருக்கும் வரை மரத்தின் வடிவத்தை வேறெவரும் மாற்ற இயலாது. ஆகவே சோதனையின் முடிவு செயல் முடியும் வரை பொய்யாகாது.

அடுத்து, இரு அடைவுகளையும் பூட்ட வேண்டும். ஒருவர் 'அ'வைப் பூட்டி 'இ'க்காகவும், மற்றவர் 'இ'யைப் பூட்டி 'அ'வுக்காகவும் காத்திருந்தால் இருவரும் நாள் முழுவதும் நிற்க வேண்டியதுதான். ஒற்றையடிப் பாலத்தில் எதிரெதிரே வந்த இரு மாட்டு வண்டிகளின் கதை. ஆகவே எல்லோரும் ஒரே வரிசையில் பூட்ட வேண்டும். ஓர் அடைவு மற்றதன் மூதாதையாயின் மூதாதையே முதலில். இவ்வரிசையை எவரேனும் மீறினால், வண்டிகள் உண்மையில் முட்டிக்கொள்ளுமுன்பே எச்சரிக்கும் லாக்டெப் என்னும் கருவி 2006இல் லினக்ஸில் சேர்ந்தது. 2020இல் வெளிவந்த 5.8 பதிப்பில் கே.சி.எஸ்.ஏ.என். என்னும் கருவி சேர்ந்தது. அது நினைவகத்தின் ஓரிடத்தைக் கண்காணித்தபடி, அதைத் தொடும் நிரலைச் சற்றே தாமதப்படுத்தி, அந்நேரத்தில் வேறெவரும் அவ்விடத்தைத் தொடுகின்றனரா எனப் பார்க்கிறது. எங்கள் பேராசிரியரின் பத்து வினாடி உறக்கமும் இதே உத்தியன்றோ!

என் நிரலில் சேர்ந்த வரிகள் மொத்தம் பதினொன்று. நவம்பர் பருவத் தேர்வுக்கு நான்கு மேசைகளில் அமர்ந்து பெயர்களை ஏற்றினோம். உதவிக்கு வந்தவர்களுள் அந்த முதலாண்டு மாணவியும் ஒருத்தி. இப்போது இரண்டாம் ஆண்டு வந்துவிட்டாள். இறுதியில் ரசீது அடிக்கட்டைகளோடு ஒப்பிட்டோம். எண்ணிக்கை சரியாக இருந்தது. "இனிமேல் அடிக்கட்டை பார்க்க வேண்டாமுங்களா, சார்?" என்று பேராசிரியரிடம் கேட்டேன். "பார்க்கணும்" என்றார்.